உப்பு விரும்பும் நுண்ணுயிரிகளும் மட்கும் நெகிழியும்: கொங்கு மண்டலத்தை முன்வைத்து

முன்னுரை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. மலிவான மாற்றுப்பொருள் கிடைத்தாலன்றி இத்தடை முழுமை பெறாது. நுண்ணுயிரிகள் உருவாக்கும் பாலிஹைட்ராக்சி அல்கனோயேட்டு (பி.எச்.ஏ.) அத்தகைய மாற்றுகளுள் ஒன்றாகும். கடலிலும் உப்பளத்திலும் வாழும் உயிரிகள் அதன் உற்பத்திச் செலவைக் குறைக்கும் முறையையும், பெருந்துறை போன்ற கடல்சாரா வட்டாரத்தில் அம்முறை எதிர்கொள்ளும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உயிரணுவின் சேமிப்பு

கார்பன் மிகுந்து நைட்ரசன் அல்லது பாஸ்பரசு குறையும்போது, நுண்ணுயிரிகள் பல எஞ்சிய கார்பனை நெகிழி மணிகளாக உயிரணுவுக்குள் சேமிக்கின்றன. உடல் கொழுப்பைச் சேமிப்பதை இஃது ஒத்தது. பாரிசு பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த மொரிசு லெமுவாஞ் 1926இல் இவ்வகையின் முதற்பொருளை விவரித்தார். மண்ணிலும் கடலிலும் வாழும் பிற நுண்ணுயிரிகள் இதனை நொதிகளால் சிதைத்து உணவாக்கிக்கொள்கின்றன.

உப்பின் பயன்

வழக்கமான நொதித்தலில் கலனையும் ஊடகத்தையும் நீராவியால் கிருமிநீக்கம் செய்தல் வேண்டும். உப்பு மிகுந்த ஊடகத்தில் பிற உயிரிகள் வளர்தல் அரிதாதலின் அச்செலவு குறைகிறது. சிஞ்சியாங் உப்பு ஏரியில் கிடைத்த ஹாலோமோனாஸ் டி.டி.01 பாக்டீரியாவைச் சீனத்துச் சிங்குவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிருமிநீக்கமற்ற திறந்த முறையில் வளர்த்து 2011இல் இதனை மெய்ப்பித்தனர். மேலும், மிகை உப்பில் வாழும் உயிரணுக்களை நன்னீரில் இட்டால் நீர் உட்புகுந்து அவை வெடிக்கின்றன. ஆகவே நெகிழியைப் பிரித்தலும் எளிதாகிறது.

தமிழ்நாடு, கோவா உப்பளங்களிலிருந்து பிரிக்கப்பட்டு, 20% உப்பில் வளரும் ஏழு ஆர்க்கியா வகைகள் பி.எச்.ஏ. சேமிப்பதைக் கோவாவிலுள்ள பிட்ஸ் பிலானி வளாக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டனர். ஆர்க்கியா பாக்டீரியாவினின்று வேறான உயிர்ப்பிரிவு என்பது கருதத்தக்கது. அவற்றின் இனமான ஹாலோஜியோமெட்ரிகம் வகையொன்று கரும்புச் சக்கையிலும் மரவள்ளிக் கழிவிலும் வளர்ந்து நெகிழி தருவதைப் பின்னர் அவர்களே காட்டினர்.

கொங்கு மண்டலத்தின் நிலை

ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகளில் திப்பி எஞ்சுகிறது. எனவே மூலப்பொருளுக்குக் குறைவில்லை. உற்பத்திக்குப்பின் எஞ்சும் உப்புநீர் எங்குச் செல்லும் என்பதே வினா. பெருந்துறைக்குத் தெற்கே, நொய்யலின் குறுக்கே 1992இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனநீருக்கு மாறாகத் திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கியது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது.

அவ்வாறாயின் சாயக்கழிவின் உப்பையே ஊடகமாக்கலாமே எனலாம். ஆனால் அது தூய சோடியம் குளோரைடு அன்று. சல்பேட்டும் எஞ்சிய சாயமும் துணை வேதிப்பொருள்களும் அதில் கலந்துள்ளன. அவை உயிரியின் வளர்ச்சியையும் நெகிழியின் தூய்மையையும் பாதிக்கக்கூடும். இதனைத் தனியே சோதித்தறிதல் வேண்டும்.

முடிவுரை

கிருமிநீக்கச் செலவைத் தவிர்க்கும் அதே உப்பு, நிலத்தில் சேர்ந்தால் வேளாண்மையைக் கெடுக்கும். ஆகவே ஒரு லிட்டரில் கிடைக்கும் நெகிழியின் அளவை மட்டும் தெரிவித்தல் போதாது. ஒரு கிலோ நெகிழிக்கு வெளியேறும் உப்பின் அளவையும், அவ்வுப்புநீரை எத்தனை முறை மீளப் பயன்படுத்த இயலும் என்பதையும் ஆய்வாளர் உடன் பதிவுசெய்தல் வேண்டும். இக்கணக்கு நேராகும்போதே இம்முறை கொங்கு மண்ணுக்கு உரியதாகும்.