மண்ணின் வெப்பமும் மலைநாட்டுத் தேயிலையும்

வானிலை அறிக்கை கூறுவது காற்றின் வெப்பத்தை. பயிரின் வேர் உணர்வதோ மண்ணின் வெப்பத்தை. ஊவா மாகாணத்துக் கொஸ்லந்த மலைச்சரிவுகளில் ஆடி, ஆவணியில் வறண்ட கச்சான் காற்று வீசும். அப்போது கவ்வாத்து வெட்டிய மலையில் இலைக்குடை இல்லாமையால், வெயில் நேரே மண்ணைச் சுடும். தேயிலை வேர் செழிப்பது ஏறத்தாழ 20 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பத்திலே. அதைக் கடந்தால் வேர் தளரும். மண்ணின் உக்கலும் விரைந்து சிதைந்து குறையும். ஆதலின் கவ்வாத்துக் கழிகளை மண்மீது பரப்புதலும், சவுக்கு, முள்முருக்கு ஆகியவற்றின் நிழலைப் பேணுதலும் இன்றியமையாதன. காடு வளர்ப்போருக்கும் இது பொருந்தும்: தீப்பட்ட பத்தனைகளில் நிழலற்ற இளங்கன்றுகள் எளிதில் கருகும்.

எனினும் லயத்து அடுப்புக்கு அக்கழிகளே விறகு. தொழிலாளரைத் தடுப்பதால் மட்டும் மண் காக்கப்படாது. தோட்டத்து ஓரங்களில் விறகு மரங்களை நட்டுக் கொடுத்தால், அடுப்பும் எரியும், மண்ணும் குளிரும்.