ஆலயக் கிட்டாரும் கைப்பேசியும்

ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்துச் சின்ன ஆலயம் ஒன்றை மனக்கண்முன் கொண்டு வருவோம். இத்தனை வருடமாக ஆர்மோனியப் பெட்டி வாசித்து வந்த பெரியவர் பட்டணத்திலிருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இருந்த இடத்தில் இன்று பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் கிட்டாரோடு நிற்கிறான். சபையாருக்கெல்லாம் மகிழ்ச்சி. ஆனால் இரண்டு மாதம் போனதும் வீட்டில் ஒரு பேச்சு எழுகிறது. "இந்தக் கிட்டார் சரியில்லை அப்பா. ஆயிரம் வெள்ளியில் நல்லதாக ஒன்று வேண்டும். காலால் மிதிக்கும் பெடல் வேண்டும். பெரிய கைப்பேசியும் வேண்டும்" என்கிறான் பிள்ளை. குலை எண்ணிச் சம்பளம் வாங்கும் தகப்பன் என்ன செய்வார்? மறுத்தால் பிள்ளையின் ஆர்வம் கெட்டுவிடுமோ என்ற அச்சம். தவணைக்கு வாங்கினால் மாதாமாதம் கடன்.

இந்தப் பெற்றோருக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரு வழி சொல்லவே இன்று பேசுகிறோம். ஆலயத்தில் கிட்டார் வாசிப்பவருக்கு உண்மையில் எவை தேவை, எவை காத்திருக்கலாம், கையிலுள்ள கைப்பேசி எதற்கு உதவும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு. ஆஸ்திரியா நாட்டில் ஓபர்ண்டார்ஃப் என்னும் சிற்றூரின் ஆலயத்தில் ஒரு புதுப் பாட்டு அரங்கேறியது. பாட்டை எழுதியவர் யோசப் மோர் என்னும் இளம் குரு. மெட்டமைத்தவர் பிரான்ஸ் குரூபர் என்னும் பள்ளி ஆசிரியர். இருவரும் பாடினார்கள், துணைக்கு மோரின் கையில் ஒரு கிட்டார் மட்டுமே இருந்தது. 'சைலண்ட் நைட்' என்று உலகமெல்லாம் அறிந்த பாட்டு அதுதான். அன்று அங்கே ஒலிபெருக்கி இல்லை, மின்சாரமும் இல்லை. சிறிய ஆலயத்தில் மனிதர்களின் குரலைத் தாங்க ஒரு கிட்டார் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த 'தாங்க' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்வோம். மேடைக் கச்சேரியில் கிட்டாரைக் கேட்கவே மக்கள் வருகிறார்கள். ஆலயத்திலோ பாடுகிறவர்கள் மக்கள். கிட்டார் அவர்களுக்குத் துணை. எதை வாங்குவது என்ற கேள்விக்கெல்லாம் விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

இனி கருவிக்கு வருவோம். மின்சாரம் வேண்டாத கிட்டார் இரண்டு வகை. ஒன்றில் நைலான் தந்தி. விரலுக்கு மெதுவாக இருக்கும், ஒலியும் மென்மை. மற்றொன்றில் எஃகுக் கம்பி. ஒலி பெரிது, கூட்டுப் பாட்டுக்கு எடுப்பாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களின் கையில் அடிக்கடி காணப்படும் யமாஹா சி40 முதல் வகை. யமாஹா எஃப்310 இரண்டாம் வகை. இந்தத் தரத்தில் ஒன்று இருந்தால் போதும். பழையதை வாங்கினாலும் தவறில்லை. ஆனால் கழுத்து வளைந்திருக்கிறதா, தந்திகளைத் தாங்கும் பாலம் பலகையை விட்டு எழும்பியிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நைலான் கிட்டாரில் எஃகுக் கம்பி பூட்டக்கூடாது. ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடை தொங்குவதுபோல் இழுக்கும். அந்த இழுப்புக்கு நைலான் கிட்டார் செய்யப்படவில்லை. சில மாதத்தில் பாலம் பெயர்ந்துவிடும்.

கிட்டார் கிடைத்த பிறகு, 'இது சரியில்லை' என்று பிள்ளை சொன்னால் முதலில் தந்தியைப் பாருங்கள். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் எஃகுக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி சுருதியில் நிற்காது, ஒலியும் மங்கிவிடும். ஒரு புதுத் தந்திக் கட்டு கிட்டாரின் விலையில் மிகச் சிறு பங்கு. அதை மாற்றியதும் பல கிட்டார்கள் புதிதுபோல் பாடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்துப் பையில் வைத்தால் அவை இன்னும் பல வாரம் உழைக்கும். மத்தியான வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை விட்டுவிடவேண்டாம். சூட்டில் பசை இளகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சில வேளைகளில் கூடம் உண்மையாகவே கோணலாக இருக்கும். ஆனால் அதை நிமிர்த்த ஆயிரம் வெள்ளி வேண்டியதில்லை.

அடுத்தது சுருதி. கிட்டாரின் ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற சுரங்களில் நிற்கவேண்டும். 1711-இல் ஜான் ஷோர் என்னும் ஆங்கிலேய இசைக்கலைஞர் சுருதிக் கவை என்ற சிறு எஃகுக் கருவியைச் செய்தார். தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் அதை வைத்துத்தான் வெகுகாலம் பலரும் சுருதி சேர்த்தார்கள். இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. பின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் 'கிட்டார்டியூனா' என்ற செயலியைத் திறந்து ஒரு தந்தியை மீட்டினால், ஒலி கூடுதலா குறைவா என்று திரையிலேயே காட்டும். சுருதி சேர்க்கும் அடிப்படை வசதிக்குப் பணம் கட்டவேண்டியதில்லை.

ஆனால் கைப்பேசி தன் மைக்கின் வழியே கேட்கிறது. துத்தநாகக் கூரையில் மழை கொட்டும்போதும், பிள்ளைகள் சத்தமிடும்போதும் அது தடுமாறும். ஆகையால் கிட்டாரின் தலையில் கவ்விக்கொள்ளும் சிறு டியூனர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. அது காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. மரத்தின் அதிர்வை உணர்கிறது. எத்தனை இரைச்சலிலும் வேலை செய்யும். முதலில் வாங்கவேண்டிய பொருள் இதுதான்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்றைச் சொல்லவேண்டும். செயலிகளும் டியூனர்களும் நடு ஏ சுரத்தை நொடிக்கு 440 அதிர்வு என்று கொள்கின்றன. அனைத்துலகத் தர நிறுவனம் 1975-இல் உறுதிசெய்த அளவு அது. புதிய கீபோர்டும் அதே அளவில்தான் இருக்கும். ஆனால் ஆலயத்துப் பழைய ஆர்மோனியப் பெட்டி அப்படி இருக்கவேண்டும் என்பதில்லை. பெட்டியின் சுருதியை அந்த நேரத்தில் மாற்ற முடியாது, கிட்டாரை மாற்றலாம். ஆகவே பெட்டியில் ஏ சுரத்தை அழுத்திப் பிடித்து, டியூனர் என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதற்கேற்ப 440-ஐக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளவேண்டும். பல டியூனர்களில் இந்த வசதி உண்டு. பெட்டியும் கிட்டாரும் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒலித்தால், குற்றம் வாசிப்பவர்மேல் இல்லாமல் இந்த எண்ணின்மேல் இருக்கலாம்.

இரண்டாவதாக வாங்கவேண்டியது கேப்போ. தந்திகள் ஆறையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி அது. வீணையில் மெட்டு என்கிறோமே, அதைக் கிட்டாரில் ஃபிரெட் என்பார்கள். கேப்போவை ஒரு ஃபிரெட் மேலே ஏற்றினால் சுருதி அரைக் கட்டை ஏறும் என்பது பொது வழக்கு. நம் பெட்டிக்காரர்கள் சொல்லும் கட்டைக் கணக்கில் 1 கட்டை என்பது சி, 2 கட்டை டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. இதில் 3-க்கும் 4-க்கும் இடையிலும், 7-க்கும் மேல் 1-க்கும் இடையிலும் ஒரு ஃபிரெட் தூரமே உண்டு. மற்றவற்றிற்கிடையே இரண்டு ஃபிரெட். சி பிடியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை கேப்போவை இரண்டாம் ஃபிரெட்டில் வைத்தால், அதே பிடியில் 2 கட்டை வாசிக்கிறான். ஜி பிடியில் அப்படிச் செய்தால் 6 கட்டை.

இது எதற்கு என்கிறீர்களா? யூடியூபில் பாடுகிறவர் தேர்ந்த பாடகர். அவர் 5 கட்டையில் உச்சத்தைத் தொடுவார். அதே கட்டையில் நம் ஆலயத்துப் பாட்டி பாட முடியுமா? முதலடியில் சேர்ந்து பாடுவார். சரணத்தில் மேலே போகும்போது வாயை மூடிக்கொள்வார். இளைஞர்கள் பாடுகிறார்கள், பெரியவர்கள் நிற்கிறார்கள் என்ற நிலை பல ஆலயங்களில் இப்படித்தான் உண்டாகிறது. இசை பிடிக்காமல் அவர்கள் ஒதுங்கவில்லை; எட்டாமல் ஒதுங்குகிறார்கள்.

ஆகையால் சனிக்கிழமை மாலை வீட்டிலிருக்கும் பாட்டியை அழைத்து, பாட்டின் உச்ச வரியைப் பாடச் சொல்லுங்கள். சிரமப்பட்டால் இறக்குங்கள். கேப்போ சுருதியை ஏற்றத்தான் செய்யும், இறக்காது. இறக்குவதற்குப் பிடியை மாற்றவேண்டும். 5 கட்டை உயரம் என்றால், டி பிடியை எடுத்துக்கொண்டு கேப்போவை மூன்றாம் ஃபிரெட்டில் வைத்தால் 4 கட்டை கிடைக்கும். ஒரு கட்டை இறங்கிவிட்டது, பாட்டியும் பாடுவார்.

இனி கைப்பேசியின் மற்ற உதவிகள். பாட்டின் சொற்களையும் கார்டுகளையும் சேர்த்துவைக்கும் செயலிகள் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு 'மொபைல்ஷீட்ஸ்', ஆப்பிளுக்கு 'ஆன்சாங்' என்பவற்றைப் பலர் பயன்படுத்துகிறார்கள். கட்டையை மாற்றினால் எல்லாக் கார்டையும் தாமே மாற்றித் தரும் வசதி ஆன்சாங்கில் உண்டு. 'கார்டிஃபை' என்ற செயலி பாட்டைக் கேட்டு அதன் கார்டுகளைக் கணித்துச் சொல்லும். இது கணிப்புத்தான், மேனாட்டு மெட்டுக்கு ஓரளவு பொருந்தும், இராகத்தில் அமைந்த நம் கீர்த்தனைகளுக்கு அடிக்கடி பிசகும். கீர்த்தனைக்குச் செயலி காட்டும் கார்டையெல்லாம் அடுக்கவேண்டாம். ஆதார சுருதியாகிய ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டு தாளம் தவறாமல் மீட்டினாலே போதும். பாடுகிறவர் குரல் தன் வழியில் வளைந்து செல்லும்.

தாளத்திற்கு மெட்ரோனோம் உண்டு. 1815-இல் யோகான் மெல்சல் காப்புரிமை பெற்ற கருவி அது. இன்று கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. சிங்கப்பூர் நிறுவனமான 'பேண்ட்லேப்' தரும் செயலியில் மெட்ரோனோம், டியூனர், பதிவு செய்யும் வசதி மூன்றும் இருக்கின்றன. வீட்டில் பழகும்போது மெட்ரோனோமைப் பயன்படுத்துங்கள். வழிபாட்டில் அது வேண்டாம். அங்கே சபையாரின் மூச்சே தாளம்.

நம் தோட்டப்புறங்களில் எல்லா இடத்திலும் இணையம் சீராகக் கிடைப்பதில்லை. வேண்டியதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும். வழிபாட்டின்போது கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் வைத்தால் அழைப்பு மணி ஒலிக்காது. பேட்டரி தீர்ந்தாலும் பாட்டு நிற்காதபடி, காகிதத்தில் எழுதிய ஒரு படி கைவசம் இருக்கட்டும்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐம்பது, அறுபது பேர் கூடும் ஆலயத்தில் கிட்டாருக்கு ஒலிபெருக்கி பெரும்பாலும் தேவையில்லை. தேவைப்பட்டால், பிக்கப் என்னும் ஒலிவாங்கி உள்ள கிட்டாரைக் கேபிளால் இணைக்கலாம். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடவேண்டும். பெரும்பாலான கிட்டார்களில் கேபிள் செருகியிருக்கும்வரை உள்ளே இருக்கும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்கிலும் கிட்டார்ப் பெட்டியிலும் புகுந்து, திரும்பத் திரும்பப் பெருகும்போது காதைக் கிழிக்கும் கீச்சொலி பிறக்கிறது. ஒலிபெருக்கியை வாசிப்பவருக்கு முன்னால், மக்களை நோக்கி வைத்தால் இது குறையும்.

பெற்றோர்களே, இது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. ஒலிபெருக்கியின் மூன்று முள் பிளக்கில் நில இணைப்பு முள்ளை முறித்துவிட்டோ, இரண்டு முள் துவாரத்தில் எப்படியோ செருகியோ பயன்படுத்த விடாதீர்கள். நில இணைப்பு இல்லாத கருவியில் பழுது நேர்ந்தால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும் நேரத்தில் மின்சாரம் உடம்பின் வழியே பாயக்கூடும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

அப்படியானால் வாங்கும் வரிசை என்ன? பழுதில்லாத சாதாரணக் கிட்டார், நல்ல தந்தி, கவ்வும் டியூனர், கேப்போ. இந்த நான்கோடு வீட்டில் ஏற்கனவே இருக்கும் கைப்பேசி. பெடலும் விலையுயர்ந்த கிட்டாரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியோர் சொன்னது கிட்டார் விரலுக்கும் பொருந்தும்.

கடைசியாக, பிள்ளைகளுக்கு ஒரு சிறு சோதனை. அடுத்த ஞாயிறு கைப்பேசியைப் பதிவு செய்யவிட்டு ஆலயத்தின் கடைசிப் பெஞ்சில் வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து கேளுங்கள். கிட்டார் மட்டும் கேட்டால் அடுத்த வாரம் மெதுவாக வாசியுங்கள். பாட்டியின் குரலும் சிறு குழந்தையின் குரலும் அதில் கேட்டால், உங்கள் கருவி போதுமான கருவிதான்.