குறை சொன்னால் பொறுத்தார். இழிவு செய்தபோது விலகினார்

சாயங்காலம் தோட்டத்துத் திடலில் பந்து விளையாட ஆள் சேரும்போது கோல் கம்பத்தில் நிற்க யார் முன்வருகிறார்? எல்லாருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. கடைசியில் இளைத்தவன் ஒருவனைப் பிடித்து, "நீ போய் நில்லுடா" என்று தள்ளிவிடுவார்கள். பத்துப் பந்தைப் பிடித்தால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒன்றை விட்டால் போச்சு, லயம் வந்து சேரும் வரைக்கும் ஏச்சுதான்!

அப்படிப்பட்ட இடத்தில் இருபத்திரண்டு வருடம் நின்ற ஒரு மனிதரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறோம். அவர் இத்தாலியின் கோல்காவலர் டினோ சோஃப்.

1942-இல் வட இத்தாலியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 14 வயதில் இன்டர் மிலான், யுவென்டஸ் என்ற இரண்டு பெரிய குழுக்களும் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஆள் குள்ளம் என்று திருப்பி அனுப்பிவிட்டன. பையன் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டார். பாட்டிதான் விடவில்லை. நாளைக்கு எட்டு முட்டை சாப்பிடச் சொன்னாராம்! முட்டை செய்த வேலையோ, பருவம் செய்த வேலையோ, பையன் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டார்.

1961-இல் உடினேசே குழுவுக்காக முதல் பெரிய ஆட்டம். அன்றைக்கு வாங்கியது ஐந்து கோல். வேறு ஒருவராக இருந்தால் கையுறையைக் கழற்றி வீசியிருப்பார். சோஃப் மறுபடியும் போய் நின்றார். மாண்டோவா, நாப்போலி என்று குழு மாறி, 1968-இல் நாட்டுக்காக ஆடினார். அந்த ஆண்டே இத்தாலி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. 1972-இல், குள்ளம் என்று திருப்பி அனுப்பிய அதே யுவென்டஸ் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே 11 ஆண்டுகளில் ஆறு லீக் பட்டங்கள். 1972 முதல் 1974 வரை இத்தாலிக்காக 1,142 நிமிடம் ஒரு கோல்கூட விடாமல் நின்றார்.

ஆனாலும் ஏச்சு அவரை விட்டதா? 1978-இல் அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கிண்ணத்தில், தூரத்திலிருந்து அடித்த பந்துகள் அவரைத் தாண்டி உள்ளே போயின. அப்போது அவருக்கு வயது 36. வயசாகிவிட்டது, பார்வை போய்விட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவர் எதிர்த்துச் சண்டை போடவில்லை. பயிற்சிக்குப் போனார், வேலையைப் பார்த்தார்.

நாலு வருடம் கழித்து, 1982-இல் ஸ்பெயின். நாற்பது வயதில் அவர்தான் குழுத் தலைவர். முதல் மூன்று ஆட்டமும் சமம். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. ஆட்டக்காரர்கள் கோபத்தில் நிருபர்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். குழுவுக்காகப் பேசும் பொறுப்பு, அதிகம் பேசாத சோஃபின் தலையில் விழுந்தது! அடுத்து அர்ஜென்டினாவை வென்றார்கள். பிரேசிலுக்கு எதிராக 3-2 என்று முன்னணியில் இருந்தபோது, கடைசி நிமிடங்களில் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டிலேயே அமுக்கிப் பிடித்தார் சோஃப். அது நழுவியிருந்தால் இத்தாலி அன்றோடு வீட்டுக்குப் போயிருக்கும். இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். உலகக் கிண்ணம் வென்ற ஆட்டக்காரர்களில் மிக மூத்தவர் என்ற பெயர் இன்றும் அவருக்குத்தான்.

1983-இல் ஆட்டத்தை விட்டார். 1988-இல் யுவென்டஸ் குழுவின் பயிற்றுநர் ஆனார். அடுத்த வருடமே பேரிடி. கூட ஆடிய நண்பரும் உதவிப் பயிற்றுநருமான சிரேயா, எதிரணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போலந்துக்குப் போன இடத்தில் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடு உழைத்து, 1990-இல் இத்தாலியக் கிண்ணம், யூஃபா கிண்ணம் இரண்டையும் வென்று கொடுத்தார். அப்படியும் அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்தார்கள். அதற்கும் அவர் கூச்சல் போடவில்லை.

1998-இல் தேசியக் குழு அவர் கைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டம், பிரான்சுக்கு எதிராக. இத்தாலி 1-0 என்று முன்னணி. ஆட்டம் முடிய சில விநாடிகளே இருந்தபோது பிரான்ஸ் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் அடித்து வென்றது. கையில் இருந்த கிண்ணம் பறிபோன மாதிரிதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். முன்னாள் பிரதமரும் ஏசி மிலான் குழுவின் முதலாளியுமான பெர்லுஸ்கோனி, சோஃபின் வேலையை ஊரறியப் பழித்துப் பேசினார். ஜிடானைக் கட்டிப்போடத் தெரியவில்லை என்று சொன்னதோடு நிற்காமல், மானக்கேடான வேலை என்கிற அளவுக்குப் போய்விட்டார். சோஃபுக்குச் சம்பளம் கொடுப்பவர்கூட இல்லை அவர். ஆட்டம் முடிந்த இரண்டாம் நாளே சோஃப் பதவி விலகினார். ஒரு மனிதனின் உழைப்பை இப்படி எல்லார் முன்னாலும் இழிவாகப் பேசுவதை ஏற்க முடியாது என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து கோல் வாங்கியபோது போகாதவர், கண் தெரியவில்லை என்றபோது போகாதவர், அன்றைக்குப் போனார். அதோடு ஒடுங்கிவிட்டாரா? இல்லை. 2005-இல் தடுமாறிக்கொண்டிருந்த ஃபியோரென்டினா குழு அவரைக் கூப்பிட்டது. கடைசி நாள் ஆட்டத்தில் அதைக் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் காப்பாற்றினார்.

"அவருக்குப் பேரும் காசும் இருந்தது, விலகினார். நாங்க விலகினா அடுப்பு எரியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாரும் வேலையை விட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வேலையில் குறை இருந்தால் தலை குனிந்து கேட்டுக்கொள்வோம், திருத்திக்கொள்வோம். பெரட்டுக் களத்தில் நாலு பேர் முன்னால் ஆளையே இழிவாகப் பேசினால், "ஐயா, வேலையைச் சொல்லுங்க, மனுஷனைத் திட்டாதீங்க" என்று நிதானமாகச் சொல்லலாம். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால், பத்துப் பேராகப் போய்ச் சொல்லுங்கள்.