சும்மா போட்ட ஒரு கமெண்ட்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் வாசனைத் திரவியத் தோட்டங்களைக் கடந்து நாலந்தாவில் வலப்பக்கம் திரும்பினால் கெடிகே இருக்கிறது. கல்லாலேயே எழுப்பிய சிறிய கட்டடம். கி.பி. 8 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் கட்டப்பட்டதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அமைப்பு பல்லவர் பாணி, வழிபாடு பௌத்தம். போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீரில் மூழ்காதிருக்க அதைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டினார்கள். இரண்டு மரபும் ஒரே சுவரில் கலந்து நிற்கும் இடம் என்பதால்தான் அதன் படத்தை முகநூலில் போட்டால் சண்டை வர அதிக நேரம் எடுப்பதில்லை.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். வாசனைத் தோட்டமொன்றில் வேலை, வயது இருபது. ஞாயிற்றுக்கிழமை கெடிகே வாசலில் நின்று படம் எடுத்து, "எங்கட பல்லவர் கட்டின கோயில், இப்ப யார் யாரோ சொந்தம் கொண்டாடுறாங்க" என்று எழுதிப் போடுகிறான். அதற்குக் கீழேயே, ஆய்வாளர்கள் இதை இந்து, பௌத்த மரபுகளின் கலப்பு என்று சொல்கிறார்கள் என்றும் இரண்டு வரி எழுதுகிறான். பின்னேரத்துக்குள் நாற்பது கமெண்ட். யாரோ முதல் வரியை மட்டும் வெட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "நம் விகாரையைப் பறிக்கப் பார்க்கிறார்கள்" என்று சிங்களத்தில் எழுதி வேறொரு குழுவில் போடுகிறார். இரவு பத்து மணிக்கு உள்பெட்டியில் ஒரு செய்தி: "பொலிஸுக்குக் குடுத்தாச்சு." பையன் நடுங்கிப்போய் பதிவை அழித்துவிட்டு போனை ஓஃப் பண்ணிப் படுக்கிறான்.

விடியும்போது அவன் எழுதியதில் மிஞ்சியிருப்பது எதிராளி வெட்டி வைத்த அந்த ஒற்றை வரி மட்டும்தான். கலப்பு மரபு என்று சொன்ன இரண்டு வரியும் அவன் கையாலேயே போய்விட்டன.

இந்தப் பையன் என் கற்பனை. ஆனால் அவனுக்கு நேர்ந்தது போன்றவை இந்த நாட்டில் நேர்ந்திருக்கின்றன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு பதில் எழுதினார். ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில் சில சொற்கள். வாய்த்தர்க்கத்தில் யாரும் சொல்வதுதான். அது இன்னொரு தாக்குதலுக்கான மிரட்டல் என்று பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன, ஊரடங்கு போடப்பட்டது, எழுதியவர் கைதானார். அடுத்த நாள் வன்முறை குருநாகல், கம்பஹா பக்கங்களுக்கும் பரவியது. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் ஒருவர் எழுதியதை, அதே மொழியை அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள்.

இன்னொருவர் நாலந்தாவிலிருந்து அதே ஏ9 வீதியில் தெற்கே போனால் வரும் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்தவர். ரம்சி ராசிக், ஓய்வுபெற்ற அரச அலுவலர், முகநூலில் தொடர்ந்து எழுதி வந்தவர். 2020 ஏப்ரலில், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாகக் கொண்டு எதிர்கொள்ள வேண்டும், அது ஒரு கருத்தியல் ஜிகாத் என்று சிங்களத்தில் எழுதினார். அந்தப் பதிவிலிருந்து ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். தனக்குக் கொலை மிரட்டல் வருகிறது என்று பொலிஸில் முறையிட்டவரையே ஏப்ரல் 9ஆம் திகதி குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைது செய்தது. பிணை கிடைக்கும்போது செப்டெம்பர் ஆகிவிட்டது. அவர் விடவில்லை, அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2023 நவம்பரில் அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பு வந்தது. பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவாயிற்று. ஐந்து மாதச் சிறைக்கும் மூன்றரை வருடக் காத்திருப்புக்கும் அது ஈடாகாது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு இருப்பதால்தான் நமக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது.

அவர் மேல் பாய்ந்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம். அரசியல், குடியியல் உரிமைகளுக்கான சர்வதேசப் பொருத்தனையை இலங்கையில் நடைமுறைப்படுத்த வந்த சட்டம் அது. அதன் 3ஆம் பிரிவின் கீழ் குற்றமாவதற்கு இன, மத வெறுப்பைப் பரப்புவது மட்டும் போதாது. அந்தப் பரப்புரை பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ ஆளை ஏவுவதாகவும் இருக்க வேண்டும். கோபமாக எழுதுவதும், ஒரு கட்சியைத் திட்டுவதும், ஒரு கோயில் யார் கட்டியது என்று வாதாடுவதும் அந்தப் பிரிவுக்குள் வரா. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் குற்றச்சாட்டு எழுதப்பட்டுவிட்டால் நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம் மட்டும், அதுவும் விசேட காரணம் காட்டினால்தான் கொடுக்கலாம். குற்றம் நிரூபிக்கப்பட்டால் பத்து வருடம் வரை சிறை. வழக்கு நிற்குமா நிற்காதா என்பது தெரியவரும் முன்பே ஆள் மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிடுகிறார். பொல்கஹவெல எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் ஒரு சிறுகதை போட்டதற்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதம் உள்ளே இருந்தார். 2021இல் விடுவிக்கப்பட்டார். குற்றவாளி இல்லை என்றாகும் முன்பே தண்டனை முடிந்துவிடும் இந்த முறையைத்தான் நான் பெரிய அநியாயம் என்கிறேன்.

அடுத்தது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்கில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்திரிகையாளர்களும் சட்டத்தரணிகளும் அப்போதே கடுமையாக எதிர்த்தார்கள், அந்த வருடமே திருத்தச் சட்டமூலமும் வெளிவந்தது. பொய்யான கூற்றைப் பரப்பித் தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தல் உண்டாக்குவதும், மக்கள் பிரிவுகளுக்கிடையே பகையை வளர்ப்பதும் இதில் குற்றம். கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வலை மிக அகலம். சாதாரண ஆள் இந்தச் சட்டத்தில் தெரிந்துவைத்திருக்க வேண்டியது அதன் வரைவிலக்கணப் பகுதியில் இருக்கிறது. எழுதியவரே பொய் என்று அறிந்தோ நம்பியோ ஏமாற்றும் நோக்கத்தோடு சொன்னதுதான் பொய்க் கூற்று. நல்லெண்ணத்தோடு சொன்ன அபிப்பிராயமும் எச்சரிக்கையும் அதில் சேரா. புதுப் போன் ஒரு நாளிலேயே சூடாகிறது, அந்தத் தொலைக்காட்சி ஒருபக்கச் செய்திதான் போடுகிறது, எங்கள் தொகுதி எம்.பி. ஒன்றும் செய்யவில்லை என்பவை அபிப்பிராயங்கள். குற்றவியல் அவதூறுச் சட்டமும் 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஒருவரைத் திட்டியதற்காகச் சிறை என்று யாராவது மிரட்டினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவதூறுக்கு நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம், அது வேறு விஷயம்.

தமிழர்களுக்கு இதைவிடப் பழைய பயம் ஒன்று உண்டு. 1979இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம். மாவீரர் நாள் படத்தைப் பகிர்ந்ததற்காக 2024 நவம்பர் கடைசியிலும் கைதுகள் நடந்தன. மன்னார்ப் பக்கத்து ஆசிரியர் அஹ்னாஃப் ஜஸீமின் கதை ஒவ்வொரு தமிழ் வாசகரும் அறிந்திருக்க வேண்டியது. அவருடைய 'நவரசம்' கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தை எதிர்த்துப் பேசியது. அதுவே தீவிரவாதத்துக்குச் சான்றாக்கப்பட்டு 2020 மே மாதம் கைதானார். 2021 டிசெம்பரில் பிணையும், 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலையும் கிடைத்தன. தமிழில் எழுதியதைத் தமிழ் தெரியாதவர் தீர்ப்பிடும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி அந்தப் பையன் என்ன செய்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

அழிப்பதற்கு முன் முழுப் பதிவையும் எடுத்து வைத்திருக்க வேண்டும். மேலே பெயர், திகதி, நேரம், கீழே தான் எழுதிய எல்லாப் பதில்களும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். பதிவின் இணைப்பையும் நகலெடுத்து அண்ணனுக்கோ அக்காவுக்கோ அனுப்பிவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் போனைப் பொலிஸ் எடுத்துக்கொண்டால் அதிலுள்ள சான்றும் சேர்ந்து போய்விடும். வெட்டிய படத்தைப் போட்டவரின் பதிவையும் அதேபோல் எடுக்க வேண்டும். மிரட்டல் செய்தியையும்தான். அதற்குப் பிறகு பதிவை மறைக்கலாம். விசாரணைக்கு அழைப்பு வந்தபின் அழித்தால் சான்றை மறைத்ததாக அர்த்தம் பண்ணுவார்கள்.

"ஒரு விஷயம் கேக்கணும், ஸ்டேஷனுக்கு வாங்க" என்று போன் வந்தால், யார் பேசுகிறார், எந்த முறைப்பாடு, எந்தச் சட்டம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்தில் உங்களுக்காக முன்னிலையாகலாம், அதற்கு 2012இலேயே விதிகள் வந்துவிட்டன. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், இது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரணச் சட்டத்தின் கீழ் என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். பொலிஸ் அறிவிக்கும் என்று காத்திராமல் வீட்டாரே 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிடலாம். போனைப் பொலிஸ் எடுத்துக்கொண்டால் அதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

நாலந்தா மாதிரி சிங்களம் அதிகம் பேசும் இடங்களில் எல்லாமே சிக்குவது வாக்குமூலத்தில்தான். நீங்கள் தமிழில் சொல்வீர்கள், பொலிஸ் அலுவலர் சிங்களத்தில் எழுதுவார், கடைசியில் "இதில கையொப்பம் வையுங்க" என்பார். எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டியது சட்டப்படி அவர் கடமை. சேர்க்கவோ திருத்தவோ உங்களுக்கு உரிமை உண்டு. எந்த மாகாணத்திலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. அந்த நேரத்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லையென்று சொல்லி வற்புறுத்தினால், கையொப்பத்துக்கு மேலே உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள்: "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை." இந்த இரண்டு வரி பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டப் பகுதிகளில் மகன் பாவிக்கும் சிம் பெரும்பாலும் அம்மாவின் அடையாள அட்டையில்தான் எடுக்கப்பட்டிருக்கும். அவன் இரவில் ஃப்ரீ ஃபயர் விளையாடும்போது மைக்கில் யாரையோ இனத்தின் பெயரைச் சொல்லித் திட்டினாலும், இன்னொருவரின் கணக்கை உடைத்து உள்ளே போனாலும், தேடி வருவது அம்மாவைத்தான். மற்றவர் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். விளையாட்டு என்று தப்ப முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை யாராவது விளையாட்டு வழியே படம் கேட்டோ பணம் கேட்டோ நெருக்கினால் அழைக்க 1929 என்ற உதவி இலக்கம் இருக்கிறது. பெண்களுக்கு 1938.

பாதிக்கப்பட்டவர் நீங்களாக இருந்தால், உங்கள் படத்தையும் விலாசத்தையும் யாரோ போட்டு மிரட்டினால், அதே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் உங்களுக்கு உதவும். சத்தியக்கடதாசியோடு நீதவான் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அந்தப் பதிவைத் தடுக்கும் உத்தரவு கேட்கலாம். அந்தச் சட்டம் சொல்லும் நிகழ்நிலைக் காப்பு ஆணைக்குழுவிடம் முறையிடுவது சட்டத்திலுள்ள இன்னொரு வழி, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பணவசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு வழக்குப் பேசும். அதன் நிலையங்கள் பல நீதிமன்ற வளாகங்களுக்குள்ளேயே இயங்குகின்றன. முகநூல் நிறுவனத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் முறையிடத் தயங்காதீர்கள். 2018 மார்ச்சில் திகன வன்முறைக்கு முன் சிங்களத்தில் குவிந்த வெறுப்புப் பதிவுகளை நீக்கத் தவறியதற்காக அந்த நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. முறையிட்ட பதிவெண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு மிகவும் வருத்தமாயிருப்பது, நியாயம் கையிலிருந்தும் நாள் தவறியதால் தோற்றுப்போகிறவர்களை நினைத்துத்தான். அரசின் செயலால் உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று காட்ட வேண்டிவரும். நாலந்தாக்காரருக்குக் கிட்டிய பிராந்திய அலுவலகம் கண்டியில் இருக்கிறது, ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். கைதான நாளை வீட்டு நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். அந்த வட்டத்திலிருந்து இரண்டாவது வாரம் முடிவதற்குள் கண்டிக்குப் போய், கொடுத்த முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். மூன்றாவது வாரம் சட்டத்தரணிக்கு.