ஒன்பது என்றால் ‘மருத்துவர் கட்டளை’



அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மன்றங்களிலும் விழா நாள்களில் ஆடப்படும் ‘தம்போலா’ விளையாட்டை உங்களுள் பலர் அறிவீர்கள். ‘ஹவுசி’ என்றும் இதனை அழைப்பர். பிரிட்டனில் இதற்குப் ‘பிங்கோ’ என்று பெயர். அங்கே எண்ணை அறிவிப்பவர் எண்ணை மட்டும் கூறி நிறுத்துவதில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒன்பதின் பட்டப்பெயர் ‘டாக்டர்ஸ் ஆர்டர்ஸ்’, அதாவது ‘மருத்துவர் கட்டளை’. எண்ணைத் தவறாகக் கேட்டுவிடாதிருக்க அவ்விளையாட்டில் கையாளப்படும் முறை, மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளும் நமக்கும் பயன் தரக்கூடியது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் அமைப்பு

ஆட்டச் சீட்டில் மூன்று வரிசைகளும் ஒன்பது பத்திகளும் இருக்கும். 27 கட்டங்களுள் 15 கட்டங்களில் மட்டுமே எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 1 முதல் 90 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு உரக்க அறிவிக்கப்படும். தம் சீட்டில் உள்ள எண் வந்தால் அதனை அடித்துவிட வேண்டும். பிரிட்டிஷ் படைவீரர்களிடையே ‘ஹவுசி ஹவுசி’ என்ற பெயரில் இவ்வாட்டம் பரவலாக இருந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் இதனை வணிக முறையில் நடத்த வழிவகுத்த பின்னர், பிரிட்டனில் பல திரையரங்குகள் பிங்கோ கூடங்களாக மாறின.

பட்டப்பெயர்கள் பிறந்த விதம்

சில பெயர்கள் எண்ணின் வடிவத்திலிருந்து தோன்றியவை. 22 என்பது நீந்திச் செல்லும் ‘இரண்டு சின்ன வாத்துகள்’. 11 என்பது ஒரு சோடிக் கால்கள். சில பெயர்கள் ஓசை இயைபால் அமைந்தவை. ‘த்ரீ’ என்பதோடு இயையும் ‘கப் ஆஃப் டீ’ மூன்றின் பெயராயிற்று. ‘எயிட்’ என்பதோடு இயையும் ‘கார்டன் கேட்’ எட்டின் பெயராயிற்று.

வேறு சில பெயர்களில் அந்நாட்டு வாழ்க்கை பதிந்துள்ளது. 21 என்பது ‘கதவின் சாவி’. முன்பு அங்கே 21 வயதிலேயே ஒருவர் சட்டப்படி வயது வந்தவராகக் கருதப்பட்டார். 10 என்றால் டவுனிங் தெருவின் பத்தாம் எண் இல்லம். அங்கே குடியிருக்கும் பிரதமர் மாறும்போது பட்டப்பெயரில் வரும் பெயரும் மாறும்.

ஒன்பதின் பெயர் படைமுகாமிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் படை மருத்துவர்கள் வழங்கிய மலமிளக்கி மாத்திரை ‘ஒன்பதாம் எண் மாத்திரை’ எனப்பட்டது. அதனை விழுங்கிய வீரர்களின் கேலியே பின்னர் ஆட்டத்தின் மரபாயிற்று.

ஓர் எண், மூன்று ஒலிப்பு

இப்பெயர்கள் வேடிக்கைக்காக மட்டும் நிலைத்தவை அல்ல. ஆங்கிலத்தில் ‘தேர்ட்டீன்’, ‘தேர்ட்டி’ ஆகிய இரண்டும் இரைச்சல் மிகுந்த கூடத்தில் ஒன்றுபோலவே கேட்கும். ஆகவே, அறிவிப்பவர் முதலில் பட்டப்பெயரைக் கூறுவார். பின்னர் இலக்கங்களைத் தனித்தனியே கூறுவார். இறுதியில் முழு எண்ணைக் கூறுவார். ‘இரண்டு சின்ன வாத்துகள், இரண்டும் இரண்டும், இருபத்திரண்டு’ என்பது போல அது அமையும். ஒரு முறை செவி தவறினாலும் மறுமுறை பிடித்துக்கொள்ளலாம்.

படுக்கையருகே இதன் பயன்

ஆட்டத்தில் எண்ணைத் தவறாகக் கேட்டால் ஒரு சீட்டு வீணாகும், அவ்வளவே. மருந்தின் அளவைத் தவறாகக் கேட்டால் நோயாளியின் உடல் துன்புறும். இன்சுலின் ‘ஃபிஃப்டீன்’ யூனிட் என்று தொலைபேசியில் கூறப்படுவது ‘ஃபிஃப்டி’ என்று கேட்டுவிடக்கூடும். தமிழிலும் ‘இருபது’, ‘அறுபது’ ஆகிய சொற்கள் தொலைபேசியில் மயங்கக்கூடியவையே. செவித்திறன் குறைந்த முதியோருக்கும், இரவெல்லாம் விழித்திருந்து களைத்த உடனிருப்போருக்கும் இத்தகைய பிழை எளிதில் நேரும்.

எனவே, மருந்தின் அளவை வாய்மொழியாகக் கேட்கும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• கேட்ட எண்ணை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘ஒன்று, ஐந்து, பதினைந்து யூனிட்தானே?’

• எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள். மில்லிகிராமும் மில்லிலிட்டரும் ஒன்றல்ல.

• உடனே தாளில் எழுதி, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

• மருந்துச் சீட்டில் உள்ளதும் காதில் கேட்டதும் வேறுபட்டால், மருந்தைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுத் தெளியுங்கள்.

மீண்டும் கேட்டால் மருத்துவர் சினம் கொள்வாரோ என்று பலர் தயங்குகின்றனர். அத்தயக்கம் வேண்டா. பிங்கோ கூடத்தில் ஒரே எண்ணை வெவ்வேறு விதமாக ஒலிப்பதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. எல்லாரும் சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு ஒலிக்கிறார்கள். மருத்துவர் கட்டளையையும் அவ்வாறே ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்வது உங்கள் உரிமை. உங்கள் அன்புக்குரியவருக்குப் பாதுகாப்பும் அதுவே.