வாத இருதய நோய்ப் பதிவேடும் எல்லைப்புற ஊர்களும்

சிறுவர்களுக்குத் தொண்டைப் புண் வருவது சாதாரணம். பெரும்பாலும் அது தானே ஆறிவிடும். ஆயினும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் உண்டாகும் புண்ணைக் கவனியாது விட்டால், சிலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் வாதக் காய்ச்சல் தோன்றுகிறது. முழங்காலில் கண்ட வீக்கம் அடங்கியதும் கணுக்காலிலோ முழங்கையிலோ தலைகாட்டும். மூட்டு நோவு சுவடின்றி நீங்கிவிடும். இருதய வால்வுகளில் நேர்ந்த சேதமோ பலருக்கு நிலைத்துவிடுகிறது. காய்ச்சல் திரும்புந்தோறும் அது மிகும். 5 முதல் 15 வயது வரையுள்ளோரே இதற்குப் பெரிதும் ஆளாகின்றனர்.

பென்ஸதைன் பெனிஸிலின் ஊசியை 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை போட்டுவந்தால் மறுகாய்ச்சலைத் தடுக்கலாம். இருதயம் தாக்கப்படாதவர்க்கு 5 ஆண்டுகள் அல்லது 18 வயது வரை, இவற்றில் எது நீண்டதோ அதுவரை. வால்வு கடுமையாகப் பழுதுற்றவர்க்கு ஆயுள் முழுவதும் என 2001இல் கூடிய உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு வகுத்தது. உகாண்டாவில், வெளித்தெரியாத வால்வுப் பழுதுள்ள 818 சிறுவரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளியாயிற்று. இரண்டாண்டுகளில் ஊசி பெற்றவருள் 3 பேருக்கும், பெறாதவருள் 33 பேருக்கும் நோய் முற்றியிருந்தது.

இத்தனை ஆண்டுக்காலச் சிகிச்சையை நினைவாற்றலைக் கொண்டு நடத்த இயலாது. வேலூர்ப் பகுதியில் 2001–02இல் 2,29,829 பள்ளிச் சிறுவரைச் சோதித்தபோது, ஆயிரத்துக்கு 0.68 பேருக்கே நோய் காணப்பட்டது. ஓர் ஆசிரியர் தம் பணிக்காலத்தில் ஓரிருவரையே காணக்கூடும். சிதறிக் கிடக்கும் அவ்வோரிருவரை ஒன்று சேர்ப்பதே பதிவேடு. ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தில் 1988இல் தொடங்கிய பதிவேட்டுப் பணியில் சுகாதார ஊழியருடன் ஆசிரியர்களும் பயிற்சி பெற்றனர்.

பதிவேட்டின் உயிர், 'அடுத்த ஊசி நாள்' என்னும் கட்டத்தில் இருக்கிறது. அக்கட்டம் வெறுமையாயின் அது வெறும் எண்ணிக்கைப் புத்தகமே. குறித்த நாளில் வராத சிறுவனை அவ்வாரமே தேடிச் செல்லவேண்டும். ஊசி வலிமிக்கது; அன்றைக்குப் பள்ளிக்கே வராமல் ஒளிபவர் உண்டு.

பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் வேறொரு தொல்லையும் உண்டு. கொழிஞ்சாம்பாறைத் தமிழ்க் குடும்பம் பொள்ளாச்சியில் வைத்தியம் பார்க்கும். உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து தொழிலாளர் மலையேறுவர். ஒரு புறம் வீட்டுப் பெயரோடு மலையாளத்திலும், மறுபுறம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு தமிழிலும் பதிந்தால் ஒரே சிறுமி இருவராகிவிடுவாள். இரு ஏடுகளிலுமே 'ஊர் மாறினார்' என்று எழுதி அவளைக் கைவிடுவதும் நேரும். ஆகவே பதிவு எண், நோயின் நிலை, கடைசி ஊசி நாள், பெனிஸிலின் ஒவ்வாமை உண்டா என்பன இரு மொழியிலும் எழுதிய அட்டை குடும்பத்தார் கையில் இருத்தல் நலம். விடுமுறைக்கு முன்னரே, போகும் ஊரையும் அங்குள்ள சுகாதார நிலையத்தையும் ஆசிரியர் கேட்டறிந்து தெரிவிக்கலாம்.

மணமாகி வேற்றூர் செல்லும் பெண்களின் பெயரை அடித்துவிடுவது பெருந்தவறு. கர்ப்ப காலத்தில் இருதயத்தின் வேலை மிகுகிறது. குறுகிய வால்வு அதைத் தாங்காமற் போகலாம். அவள் புகுந்த ஊரின் செவிலியருக்கு அட்டையின் நகல் முன்கூட்டியே சென்று சேரவேண்டும்.