திரைக்கேற்ற நூல்

அச்சிட்ட நூலில் பக்கம் மாறாதது. எழுத்தின் அளவு, வரியின் நீளம், ஓரத்தின் அகலம் ஆகிய அனைத்தையும் பதிப்பகமே முடிவு செய்துவிடுகிறது. எழுத்து சிறியதாக இருந்தால் வாசகர் கண்ணாடி அணிந்துகொள்ளலாம். எழுத்தைப் பெரிதாக்க இயலாது. மின்னூல் இந்நிலையை மாற்றியது. முறையாக அமைக்கப்பட்ட மின்னூலில் எழுத்தின் அளவை வாசகரே தேர்ந்தெடுக்கிறார். கண்பார்வை மங்கிய பாட்டியும் பள்ளியில் பயிலும் பேரனும் ஒரே நூலைத் தத்தம் வசதிக்கேற்பப் படிக்கலாம். எனினும், கணினியில் உள்ள எல்லா நூல்களும் இவ்வசதியைத் தருவதில்லை. நூல் எந்த வடிவில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே வாசிப்பு எளிதாகவோ கடினமாகவோ அமைகிறது.

மின்னூல் வாசிப்புக் கருவியின் திரை, கைத்தொலைபேசியின் திரையைப் போன்றதன்று. அத்திரைக்குள் கருமை, வெண்மை ஆகிய இருவகை நுண்துகள்கள் உள்ளன. மின்னூட்டத்திற்கு ஏற்ப அவை மேலெழும்பி எழுத்துகளாகத் தோன்றுகின்றன. காகிதத்தைப் போலவே அத்திரையும் வெளிச்சத்தை எதிரொளிப்பதால் வெயிலிலும் தெளிவாகப் படிக்க முடிகிறது. பக்கம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரத்தைப் பயன்படுத்துவதால் மின்கலமும் நெடுநாள் நீடிக்கிறது. இத்தகைய கருவிகள் பலவற்றின் திரை மூலைக்கு மூலை 6 அங்குலம் மட்டுமே. அதாவது, அதன் அகலம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர்.

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பயன்படும் ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். அந்த அளவில் உருவாக்கிய பிடிஎஃப் கோப்பை 6 அங்குலத் திரையில் திறந்தால் பக்கம் பாதிக்கும் குறைவான அளவுக்குச் சுருங்கிவிடும். 12 புள்ளி அளவில் இருந்த எழுத்து ஏறத்தாழ 5 புள்ளி அளவில் தெரியும். பெரிதாக்கினாலோ வரியின் ஒரு பகுதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரியையும் படிக்க, பக்கத்தை இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும். பிடிஎஃப் என்பது பக்கத்தின் தோற்றத்தை மாறாமல் காப்பதற்காக உருவான வடிவம். அச்சிடுவதற்கு அது மிகவும் ஏற்றது. சிறிய திரையில் படிப்பதற்கு ஏற்றதன்று.

இக்குறையைத் தீர்ப்பதற்காக 2007ஆம் ஆண்டில் இபப் என்னும் பொது வடிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இபப் கோப்பு ஒரு பொட்டலம் போன்றது. நூலின் உரை, படங்கள், அட்டை, பொருளடக்கம், தோற்றத்திற்கான விதிகள் ஆகியவை அதனுள் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கும். அதில் உள்ள உரைக்கு நிலையான பக்கம் இல்லை. பாத்திரத்திற்கு ஏற்ப நீர் வடிவம் கொள்வது போல, திரையின் அகலத்திற்கும் எழுத்தின் அளவிற்கும் ஏற்ப வரிகள் தாமாகவே அமைந்துகொள்கின்றன.

தமிழ் நூல்களை இவ்வடிவத்திற்கு மாற்றுவதில் தனிப்பட்ட சவால் ஒன்று உண்டு. தொடக்கக் காலத்தில் தமிழைக் கணினியில் சேமிக்கப் பொதுவான முறை ஒன்று இல்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். பின்னர், ஒருங்குறி என்னும் உலகப் பொது முறை இக்குழப்பத்தைத் தீர்த்தது. ஆயினும், பழைய கோப்புகள் தாமாக மாறிவிடுவதில்லை. அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இம்மாற்றத்திலும் நுட்பம் இருக்கிறது. பழைய முறைகள் பலவற்றில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. 'கொடி' என்னும் சொல்லில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து 'க', அதன்பின் கால் என்று வரிசை அமைந்திருக்கும். ஒருங்குறியிலோ ஒலியின் வரிசை பின்பற்றப்படுகிறது. முதலில் 'க' வரும்; அதற்குப் பின்பே ஒகரக் குறி வரும். கொம்பை இடப்பக்கத்தில் காட்டுவது கருவியின் வேலை. மாற்றும் மென்பொருள் இவ்வரிசையைச் சரியாகத் திருப்பாவிட்டால் கொம்பு வேறோர் எழுத்துடன் ஒட்டிக்கொண்டு சொல்லே சிதைந்துவிடும்.

அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து, அதிலிருந்து எழுத்துகளைக் கணினியே கண்டறியச் செய்வது மற்றொரு வழி. இம்முறை விரைவானது. ஆனால், 'ர' என்னும் எழுத்தும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருப்பதால் கணினி தடுமாறுகிறது. மங்கிய தாளில் புள்ளி தெரியாமல் போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஆகவே, மனிதக் கண்கள் மெய்ப்புப் பார்ப்பது இன்றியமையாதது.

பிழைகளைத் திருத்திய பின்னர் வரிகளைச் சீர்செய்ய வேண்டும். பிடிஎஃப் கோப்பிலிருந்து உரையை எடுக்கும்போது ஒவ்வொரு வரியின் முடிவும் பத்தியின் முடிவாகப் பதிவாகிவிடுவதுண்டு. பக்க எண்களும் தலைப்புகளும் வாக்கியத்தின் நடுவே புகுந்துவிடும். உரைநடையில் இத்தகைய வரிமுறிவுகளை நீக்க வேண்டும். செய்யுளிலோ அடிகளின் முறிவை அப்படியே காக்க வேண்டும். எது உரைநடை, எது செய்யுள் என்பதை மென்பொருள் எப்போதும் சரியாக அறிவதில்லை. நூலைப் படித்தவரே அறிவார்.

இப்பணிக்கு உதவும் இலவச மென்பொருள்களுள் கேலிபர் பரவலாகப் பயன்படுகிறது. தம்மிடம் இருந்த வாசிப்புக் கருவி லினக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்யாததால், கோவித் கோயல் என்பவர் 2006ஆம் ஆண்டில் இதனை எழுதத் தொடங்கினார். ஒரு வடிவிலுள்ள நூலை வேறொரு வடிவிற்கு மாற்றவும், நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் பதிவு செய்யவும், பொருளடக்கம் உருவாக்கவும் இது துணைபுரிகிறது. இயல்களின் தலைப்புகளைத் தலைப்பு என்றே குறித்து வைத்தால், வாசகர் விரும்பிய இயலுக்கு நேரடியாகச் செல்ல முடியும்.

தோற்றத்திலும் தமிழின் இயல்பைக் கருத்தில் கொள்வது நல்லது. தமிழ் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரக் குறிகளும் வருவதால் வரிகளுக்கிடையே சற்றுக் கூடுதலான இடைவெளி தேவை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய திரையில் இரு ஓரங்களையும் நேராக்க முயன்றால் சொற்களுக்கு நடுவே பெரிய வெற்றிடங்கள் தோன்றும். அப்போது இடப்பக்க ஓரத்தை மட்டும் நேராக்கினால் போதும்.

வடிவம் மாற்றுவது எளிது என்பதால் பிறர் நூலை விருப்பம்போல் பரப்பிவிடக் கூடாது. பதிப்புரிமை, ஆசிரியரின் மறைவுக்குப் பின் மலேசியாவில் 50 ஆண்டுகளும் சிங்கப்பூரில் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. அக்காலம் முடியாத நூலைப் பிறருக்கு வழங்க உரியவரின் இசைவு வேண்டும்.

இவ்வரம்புகளுக்கு உட்பட்டு, தமிழ் ஆர்வலர்கள் பெரும்பணி ஆற்றி வருகின்றனர். 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் இலவசமாக வழங்கினர். தொடக்கத்தில் பழைய குறியீட்டு முறையில் வெளிவந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அம்மாற்றம் நிகழாதிருந்தால் அவர்களின் உழைப்பில் பெரும்பகுதி இன்றைய கருவிகளில் படிக்க இயலாத குறிகளாகவே எஞ்சியிருக்கும்.

ஒருங்குறியில் சீராக அமைந்த நூலில் ஒரு சொல்லைத் தேடலாம்; அகராதியில் பொருள் காணலாம். பார்வையற்றோருக்குக் கணினியே அதனை உரக்கப் படித்துக் காட்டும். வெறும் படமாகச் சேமித்த பக்கத்தில் இவை எளிதில் கைகூடுவதில்லை. ஓலைச்சுவடிகள் செல்லரித்து அழியாதிருக்க, அக்காலத்தில் அவற்றைப் புதிய ஓலைகளில் படியெடுத்து வந்தனர். மின்னூலுக்குச் செல்லரிப்பு இல்லை. ஆனால், அதன் வடிவம் பழையதாகிவிடும். காலத்திற்கேற்ப நூலைப் பிழையின்றி மாற்றி அமைப்போர் இருக்கும்வரை, அது அடுத்த தலைமுறையின் கைகளிலும் தவழும்.